ஒளியைக் குறித்துக்கொண்ட இளைஞர்



ழான் ரெனுவார் கல்கத்தாவில் ‘தி ரிவர்’ படத்தை எடுத்துக்கொண்டிருந்த காலம், 1950 வாக்கில். பிரெஞ்சு சினிமாவின் பெரும் பெயர், டெக்னிகலர் கேமரா, அந்த ஊர் அதுவரை பார்த்திராத அளவுக்குப் பெரிய யூனிட். அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் ஒரு மாணவர் நோட்டுப் புத்தகத்தோடு நின்றிருந்தார். வயது இருபதை ஒட்டியது. யூனிட்டில் வேலை கேட்டுப் போனவர், வேலை கிடைக்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்க மட்டும் ரெனுவார் அனுமதித்தார். அந்த இளைஞர் அதையே வேலையாக எடுத்துக்கொண்டார். எந்த ஷாட்டுக்கு விளக்கு எங்கே வைக்கப்பட்டது, நடிகர் எந்த இடத்திலிருந்து எங்கே நகர்ந்தார், கேமரா எப்படித் திரும்பியது என்று எல்லாவற்றையும் படம் வரைந்து குறித்துக்கொண்டார். ஒளித் தொடர்ச்சியைச் சரிபார்க்க ஒருநாள் ஒளிப்பதிவாளர் கிளாட் ரெனுவாரே அந்தக் குறிப்புகளைக் கேட்டு வாங்கிப் பார்த்ததாக அவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அவர் பெயர் சுப்ரதா மித்ரா.

அதே படப்பிடிப்புக்கு விடுமுறை நாட்களில் வந்துபோன இன்னொருவர், விளம்பர நிறுவனம் ஒன்றில் ஓவியராக வேலை பார்த்த சத்யஜித் ராய். கலை இயக்குநர் யூஜின் லூரியேவுக்கு உதவியாளராக இருந்தவர் காஷ்மீரைச் சேர்ந்த பன்சி சந்திரகுப்தா. இந்த மூவரும் 1952 அக்டோபர் 27 அன்று ‘பதேர் பாஞ்சாலி’யின் முதல் ஷாட்டை எடுத்தார்கள். ராய் அதற்கு முன் எதையும் இயக்கியதில்லை. இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த மித்ரா திரைப்படக் கேமராவை இயக்கியதே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாணல் பூத்த வெளியில் படம் பிடித்துவிட்டு, அடுத்த ஞாயிறு மீதியை எடுக்கப் போனார்கள். பூக்களை மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. மறுபடி பூக்கும் பருவம் வரை அந்தக் காட்சி காத்துக் கிடந்தது. பணம் தீர்ந்தபோது படப்பிடிப்பு நின்றது. ராய் தம் ஆயுள் காப்பீட்டை அடகு வைத்தார், மனைவியின் நகைகளும் போயின. கடைசியில் மேற்கு வங்க அரசு கை கொடுத்து 1955இல் படம் வெளிவந்தது. மறு ஆண்டு கான் விழாவில் விருது பெற்றது. இயக்குநரின் கதையாகவே இது நம் ஊரில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. இந்த உரை அதே கதையை மித்ராவின் பக்கத்திலிருந்து பார்க்க விரும்புகிறது. சிறு படம் எடுப்பவர் ஊரிலேயே சிறந்தவர்களைத் தேடி அழைத்துக்கொள்வதில்லை. அதற்குப் பணம் இல்லை. பக்கத்தில் இருப்பவர்களை வைத்துக்கொண்டே அவர் தொடங்குகிறார். அந்தப் பக்கத்தில் யார் இருக்கிறார், எந்தக் கைவேலையைத் தெரிந்துகொண்டு இருக்கிறார் என்பதில்தான் கேமராவுக்குப் பின்னால் நிற்கப்போகிறவரின் முதல் வாய்ப்பு இருக்கிறது.

மித்ரா பக்கத்தில் நின்றதோடு நிற்கவில்லை. அடுத்த படம் ‘அபராஜிதோ’. காசியில் உள்ள ஒரு வீட்டின் முற்றம் அதில் வர வேண்டும். மழைக்குப் பயந்து அந்த முற்றத்தை ஸ்டுடியோவுக்குள் பன்சி சந்திரகுப்தா அமைத்தார். மேலே வானம் இல்லாத இடத்தில், முற்றத்தில் இறங்கும் நிழலற்ற பகல் வெளிச்சத்தை எப்படிக் கொண்டுவருவது? செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளை நடிகர்கள் மீது காட்டாமல் துணி மீது காட்டினார் மித்ரா. துணியில் பட்டுத் திரும்பிய மெல்லிய ஒளி கீழே இறங்கியது. 1956இல் எடுக்கப்பட்ட அந்தக் காட்சிகளைப் பார்ப்பவர் எவரும் செட் என்று சொல்ல மாட்டார். இன்று எந்தச் சிறு யூனிட்டிலும் லைட்மேன் தெர்மோகோல் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். அவர் கையில் இருப்பது அதே யோசனைதான்.

சுதந்திர சினிமா என்று எதைச் சொல்கிறோம்? பெரிய தயாரிப்பு நிறுவனத்தின் பணமும் விநியோகஸ்தர்களின் முன்பணமும் நட்சத்திரத்தின் கால்ஷீட்டும் இல்லாமல், எடுப்பவர்களின் விருப்பத்தால் எடுக்கப்படும் படத்தைத்தான். அங்கே யூனிட் சிறியது. பத்துப் பேர் இருந்தாலே பெரிது. ஆகவே ஒருவர் இரண்டு மூன்று வேலைகளைப் பார்ப்பார். ஒருவர் வராவிட்டால் அன்றைய படப்பிடிப்பே நின்றுபோகும். பெரிய யூனிட்டில் பல வருடம் கழித்துக் கிடைக்கும் பொறுப்பு இங்கே முதல் நாளே தலையில் விழுகிறது. கற்றுக்கொள்ள விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல இடம் அமைவது கடினம்.

கிறிஸ்டோபர் நோலனின் முதல் படமான ‘ஃபாலோயிங்’ (1998) எடுக்கப்பட்ட விதத்தைப் பாருங்கள். நடித்தவர்களும் வேலை செய்தவர்களும் வாரம் முழுக்க வேறு வேலையில் இருந்தார்கள். கிடைத்தது சனிக்கிழமை மட்டும். அப்படிச் சனிக்கிழமைகளாகச் சேர்த்து ஏறத்தாழ ஒரு வருடம் படம் எடுத்தார்கள். பதினாறு மில்லிமீட்டர் கறுப்பு வெள்ளை ஃபிலிம். மொத்தச் செலவு சுமார் 6,000 டாலர். அதில் பெரும்பகுதி ஃபிலிமுக்கே போனது. ஒன்று அல்லது இரண்டு டேக்குக்குள் முடிக்க வேண்டும் என்பதால் நாடகம்போல முன்கூட்டியே ஒத்திகை பார்த்தார்கள். விளக்கு வாடகை கொடுக்க வழியில்லாததால் ஜன்னலிலிருந்து வரும் வெளிச்சத்தில் எடுத்தார்கள். கேமராவை நோலனே பிடித்தார். கதாநாயகனாக நடித்த ஜெரமி தியோபால்ட் தயாரிப்பாளர்களில் ஒருவர்.

‘கிளர்க்ஸ்’ (1994) இன்னொரு கதை. கெவின் ஸ்மித் நியூ ஜெர்சியில் ஒரு சிறு கடையில் வேலை பார்த்தவர். பகலில் கடையில் நின்றார், கடை மூடிய பிறகு இரவுகளில் அதே கடையில் படம் எடுத்தார். பகலில் நடக்கும் கதையை இரவில் எடுப்பதால் ஜன்னலின் இரும்பு ஷட்டர் திறக்க முடியாமல் சிக்கிக்கொண்டதாகக் கதையிலேயே ஒரு காரணம் வைத்தார். செலவு 27,575 டாலர். அதில் பெருமளவு கிரெடிட் கார்டுக் கடன். கேமராவைப் பிடித்தவர் டேவிட் க்ளைன். வான்கூவர் திரைப்படப் பள்ளியில் ஸ்மித்தோடு சேர்ந்து படிக்கத் தொடங்கியவர். ஸ்மித் பாதியில் படிப்பை விட்டு வந்தார், நட்பு விடவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு உலகமே பார்த்த ‘தி மாண்டலோரியன்’ தொடரின் பகுதிகளை ஒளிப்பதிவு செய்தவர்களில் அதே க்ளைன் இருக்கிறார். கடையின் குழல்விளக்கு வெளிச்சத்தில் தொடங்கிய கை அது.

இன்னும் தெளிவான சான்று ஒன்று உண்டு. ‘மூன்லைட்’ 2017 விழாவில் சிறந்த படத்துக்கான ஆஸ்கரைப் பெற்றது. இயக்குநர் பாரி ஜென்கின்ஸ், ஒளிப்பதிவாளர் ஜேம்ஸ் லாக்ஸ்டன், தொகுப்பாளர்கள் நாட் சாண்டர்ஸ், ஜோய் மெக்மில்லன், தயாரிப்பாளர்களில் ஒருவரான அடேல் ரொமான்ஸ்கி, இவர்கள் எல்லோரும் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் திரைப்படப் பள்ளியில் படித்தவர்கள். ஜென்கின்ஸின் முதல் படம் ‘மெடிசின் ஃபார் மெலன்கலி’ (2008). சுமார் 15,000 டாலரில், கைவிரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு எடுக்கப்பட்டது. அதற்கும் லாக்ஸ்டன்தான் கேமரா. முதல் படத்துக்கும் ஆஸ்கர் படத்துக்கும் இடையில் எட்டு ஆண்டு இடைவெளி. அந்த எட்டு ஆண்டும் யாரும் யாரையும் விட்டுவிடவில்லை. மெக்மில்லன் படத்தொகுப்புக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் கறுப்பினப் பெண் ஆனார். வகுப்பில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் குறும்படத்துக்கு மைக் பிடிக்க இன்று போகலாமா வேண்டாமா என்று யோசிக்கும் மாணவர் இதை நினைத்துப் பார்க்கலாம்.

நம் ஊருக்கு வருவோம். கோடம்பாக்கம், வடபழனி, சாலிகிராமம் என்று நீளும் அந்தத் தெருக்களுக்குள் போகும் பழைய பாதை எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு இயக்குநரிடம் உதவியாளராகச் சேர வேண்டும். கிளாப் அடித்து, வசனம் படித்துக் காட்டி, துணை நடிகர்களை ஒழுங்குபடுத்தி, மெல்ல அசோசியேட் ஆக வேண்டும். ஒளிப்பதிவில் சேர்ந்தால் லென்ஸ் பெட்டி சுமந்து, ஃபோகஸ் புல்லராகி, பிறகு தனியாகப் படம் கிடைக்கும். சங்க உறுப்பினர் அட்டை வேண்டும். இந்த முறை பல கலைஞர்களை உருவாக்கியது. இலங்கையின் மட்டக்களப்புப் பகுதியிலிருந்து வந்து, புனேயில் ஒளிப்பதிவு படித்து, தம் படங்களைத் தாமே ஒளிப்பதிவு செய்து, தாமே தொகுத்த பாலு மகேந்திராவின் உதவியாளர்களாக இருந்து எழுந்த இயக்குநர்களின் வரிசையே அதற்குச் சாட்சி. ஆனால் அந்தப் பாதையில் காத்திருப்பு நீண்டது. அறை வாடகை கட்ட முடிந்தவர்களும், வீட்டில் கேள்வி கேட்காதவர்களும் மட்டுமே தாக்குப் பிடித்தார்கள்.

2009இல் கலைஞர் தொலைக்காட்சியில் ‘நாளைய இயக்குநர்’ குறும்படப் போட்டி தொடங்கியபோது இன்னொரு பாதை தெரிந்தது. டிஜிட்டல் கேமராக்கள் மலிவாகியிருந்தன. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் வேலை பார்த்தவர்களும் கல்லூரி முடித்தவர்களும் வார இறுதியில் குறும்படம் எடுத்தார்கள். கார்த்திக் சுப்புராஜ், நலன் குமரசாமி, பாலாஜி மோகன் ஆகிய இயக்குநர்களின் பெயர்கள் அங்கிருந்துதான் பரவின. அவர்களோடு கேமராவுக்குப் பின்னால் இருந்தவர்களும் வந்தார்கள் என்பது குறைவாகவே பேசப்படுகிறது. ‘அட்டகத்தி’ (2012), ‘பீட்சா’ (2012), ‘சூது கவ்வும்’ (2013) ஆகிய சிறு முதலீட்டுப் படங்களை அடுத்தடுத்துப் பாருங்கள். மூன்றும் மூன்று புதிய இயக்குநர்களின் முதல் படங்கள். மூன்றையும் தொகுத்தவர் லியோ ஜான் பால், மூன்றுக்கும் இசை சந்தோஷ் நாராயணன், மூன்றின் தயாரிப்பிலும் சி.வி. குமார். இயக்குநர்கள் மாறினார்கள், வேலை தெரிந்த கைகள் படத்துக்குப் படம் தொடர்ந்து போயின. இயக்குநருக்கு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு படம். நல்ல தொகுப்பாளருக்கும் ஒலிப்பதிவாளருக்கும் வருடத்துக்கு இரண்டு மூன்று படம். வாழ்க்கைக் கணக்கு போட்டுப் பார்ப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஒளிப்பதிவிலிருந்து இயக்கத்துக்குப் போனவர்களும் நம்மிடையே உண்டு. ‘காக்கா முட்டை’யை இயக்கிய மணிகண்டன் அதன் ஒளிப்பதிவாளரும்கூட. ‘கடைசி விவசாயி’யைத் தயாரித்து, எழுதி, இயக்கி, ஒளிப்பதிவும் செய்தார். ‘கல்லூரி’, ‘பரதேசி’ படங்களின் ஒளிப்பதிவாளர் செழியன் இயக்கிய ‘டூலெட்’, சென்னையில் வாடகை வீடு தேடி அலையும் ஒரு சிறு குடும்பத்தின் கதை. தயாரித்தவர் அவர் மனைவி பிரேமா. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. பின்னணி இசை இல்லாத படம் அது. மதுரை மேலூருக்குப் பக்கத்தில் அரிட்டாபட்டியின் வெயிலில் எடுக்கப்பட்ட ‘கூழாங்கல்’, 2021இல் ராட்டர்டாம் விழாவின் டைகர் விருதை வென்றது. இயக்குநர் பி.எஸ். வினோத்ராஜ் சிறு வயதிலேயே கூலி வேலைக்குப் போனவர், சென்னையில் டிவிடி கடையில் வேலை பார்த்தபோது உலகப் படங்களைப் பார்த்தவர். தம் சகோதரிக்கு நேர்ந்ததிலிருந்து அந்தக் கதையை எடுத்தார். நிழலே இல்லாத அந்த வெளியைக் கண் கூசும்படி படமாக்கிய விக்னேஷ் குமுளை, ஜெய பார்த்திபன் என்ற இரண்டு ஒளிப்பதிவாளர்களின் உழைப்பு இல்லாவிட்டால் அந்த வெயில் பார்வையாளரின் நெற்றியைச் சுட்டிருக்காது.

எல்லாரும் கேமராவைத்தான் நினைக்கிறார்கள். ஆனால் இன்று ஒரு சிறு படத்துக்குக் கிடைப்பதற்கு மிகவும் அரிதான ஆள் யார் தெரியுமா? படப்பிடிப்புத் தளத்திலேயே சுத்தமாக ஒலியைப் பதிவு செய்யத் தெரிந்தவர்.

தமிழ் சினிமா நெடுங்காலம் டப்பிங்கை நம்பி வாழ்ந்தது. தளத்தில் பதிவாகும் ஒலி வழிகாட்டிக்கு மட்டும். நடிகர் பிறகு ஒலிக்கூடத்தில் வந்து பேசுவார். அதனால் ஜெனரேட்டர் உறுமலாம், லைட்மேன் சத்தம் போடலாம், இயக்குநரே ஷாட்டின் நடுவில் நடிகருக்குச் சொல்லிக் கொடுக்கலாம். சுதந்திரப் படத்தில் இது நடவாது. அங்கே நடிப்பவர் ஊர்க்காரர். வயலில் நின்று தம் மொழியில் இயல்பாகப் பேசியதை, மூன்று மாதம் கழித்துக் குளிரூட்டிய அறையில் திரையைப் பார்த்துக்கொண்டு அதே மூச்சோடு பேசு என்றால் அவரால் முடியாது. ஆகவே தளத்தில் பதிவானதே கடைசி வரை நிற்கும். அடூர் கோபாலகிருஷ்ணன் 1972இல் தம் முதல் படமான ‘சுயம்வரம்’ எடுத்தபோதே நாக்ரா ஒலிப்பதிவுக் கருவியோடு வெளியிடங்களுக்குப் போனார். 2001இல் ‘லகான்’ அவ்வளவு பெரிய கூட்டத்தை வைத்துக்கொண்டு நேரடி ஒலியில் எடுக்கப்பட்ட பிறகு இந்தியத் துறை முழுவதும் அதைத் திரும்பிப் பார்த்தது. வினோத்ராஜின் இரண்டாவது படமான ‘கொட்டுக்காளி’யில் பின்னணி இசை இல்லை. ஆட்டோவின் இரைச்சல், சேவலின் சிறகடிப்பு, மனிதர்கள் வாய்விட்டும் அடக்கியும் பேசுவது, இவைதான் படத்தின் முழு ஒலியும். அங்கே ஒலிப்பதிவாளர் தவறினால் படமே தவறியது.

ஷான் பேக்கர் 2015இல் ‘டேஞ்சரின்’ படத்தை ஐபோனில் எடுத்தார் என்ற செய்தி உலகெங்கும் பரவியது. மூன்று ஐபோன் 5எஸ், அவற்றோடு பொருத்திய சிறு அனமார்ஃபிக் லென்ஸ், சில டாலர் விலையுள்ள ஒரு செயலி. அதைக் கேட்ட பல இளைஞர்கள் போனை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனார்கள். செய்தியின் மறுபாதியைப் பலர் கேட்கவில்லை. படம் போனில் பதிவானது. ஒலி போனில் பதிவாகவில்லை. அதற்கென ஆளும் முறையான மைக்கும் பதிவுக் கருவியும் இருந்தன. கொஞ்சம் மங்கலான படத்தைப் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார், அதையே ஒரு அழகாகக்கூட எடுத்துக்கொள்வார். பேசுவது காதில் விழாவிட்டால் அடுத்த நிமிடமே எழுந்துவிடுவார். அதே பேக்கர் பத்து வருடம் கழித்து ‘அனோரா’வுக்காக ஒரே இரவில் நான்கு ஆஸ்கர்களைப் பெற்றபோது அவற்றில் ஒன்று படத்தொகுப்புக்கானது. இயக்குநரான பிறகும் தம் படங்களைத் தாமே வெட்டி ஒட்டும் வேலையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

ஒலி தவிர இன்னும் பல வேலைகள் ஆள் தேடிக் காத்திருக்கின்றன. முதலில் கன்டினியூட்டி. பாட்டி தண்ணீர்ச் செம்பை எந்தக் கையில் பிடித்திருந்தார், செம்பில் எவ்வளவு தண்ணீர் இருந்தது, சேலைத் தலைப்பு எந்தத் தோளில் கிடந்தது, வாசலில் வெயில் எந்தப் படியைத் தொட்டது என்று எழுதி வைப்பவர். ஒரே காட்சியைப் பத்து நாள் இடைவெளியில் எடுக்கும் சிறு படத்தில் இந்த நோட்டுதான் நினைவு. நோட்டும் பேனாவும் கூர்மையான கண்ணும் இருந்தால் போதும். கருவி வாங்கப் பணம் வேண்டாம். மித்ரா ரெனுவாரின் யூனிட்டில் தாமாகவே செய்தது ஏறத்தாழ இந்த வேலைதான்.

அடுத்தது பதிவுகளைக் காப்பது. அந்தக் காலத்தில் ஃபிலிம் பெட்டியைப் பத்திரமாக லேபுக்குக் கொண்டுபோனவரின் இடத்தில் இன்று மெமரி கார்டைக் காப்பவர் இருக்கிறார். கார்டிலிருந்து குறைந்தது இரண்டு ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்து, ஒவ்வொரு கோப்பும் முழுமையாக வந்திருக்கிறதா என்று சரிபார்த்து, இரண்டு டிஸ்க்கையும் வெவ்வேறு இடத்தில் வைத்து, அதன் பிறகே கார்டை அழிக்க வேண்டும். நாள் முழுக்க வெயிலில் உழைத்த பத்துப் பேரின் வேலை அவர் விரல் நுனியில் இருக்கிறது. அவசரத்தில் நகல் எடுக்காத கார்டை அழித்துவிட்டால் அந்த நாளை யாராலும் திருப்பித் தர முடியாது. பொறுமையும் ஒழுங்கும் உள்ள ஒரு இளைஞரை இந்த வேலைக்குக் கண்டுபிடித்த இயக்குநர் அடுத்த படத்திலும் அவரைக் கைவிடுவதில்லை. அங்கிருந்து தொகுப்பறைக்கு ஒரே ஒரு படிதான். எந்த டேக் எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரியும்.

கலை இயக்கம் என்றால் செட் போடுவது என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையான வீட்டில் எடுக்கும் படத்தில், எதை எடுத்து வெளியே வைப்பது என்பதே கலை இயக்கம். சுவரில் எந்த நாட்காட்டி தொங்க வேண்டும், அடுப்படியில் எந்தப் பாத்திரம் கரிபிடித்திருக்க வேண்டும், தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலே என்ன துணி விரித்திருக்க வேண்டும் என்பது அந்த ஊரில் வளர்ந்தவருக்கே தெரியும். தயாரிப்பு நிர்வாகமும் அப்படித்தான். ஊராட்சித் தலைவரிடம் அனுமதி, காலை ஆறு மணிக்கு யூனிட்டுக்கு இட்லி, மதியம் எல்லாருக்கும் ஒரே சாப்பாடு, இரவு பெண்களை வீடு சேர்க்க வண்டி. இதைச் சரியாகச் செய்பவர் இருந்தால் பத்து நாள் வேலை பத்து நாளில் முடியும்.

மொழி தெரிந்தவர்களுக்கு என்றே ஒரு வேலை இருக்கிறது. ராட்டர்டாமுக்கும் பெர்லினுக்கும் போகிற தமிழ்ப் படம் ஆங்கில எழுத்துகளோடுதான் போகிறது. கரிசல் காட்டுப் பேச்சையும் நெல்லைப் பேச்சையும் சென்னைச் சேரிப் பேச்சையும் ஒரு வரிக்கு நாற்பது எழுத்துக்குள், படிக்க எடுக்கும் நேரத்துக்குள், உயிர் போகாமல் மாற்றித் தருபவர் படத்தின் கடைசி எழுத்தாளர். கோவையைச் சேர்ந்த அருண் கார்த்திக், திலீப்குமாரின் சிறுகதையிலிருந்து எடுத்த ‘நசீர்’ 2020இல் ராட்டர்டாமில் நெட்பாக் விருது பெற்றது. ஒரு ஜவுளிக்கடை விற்பனையாளரின் ஒரே ஒரு நாளும் அவர் மனதில் ஓடும் கவிதையும் ராட்டர்டாம் மக்களுக்குப் போய்ச் சேர்ந்ததில் கீழே ஓடிய எழுத்துகளுக்கும் பங்கு உண்டு.

இனி, பேசாமல் விடக் கூடாத ஒன்று. சுதந்திரப் படம் என்ற பெயரில் சும்மா வேலை வாங்குவது நடக்கிறது. “இப்போது பணம் இல்லை, அனுபவம் கிடைக்கும்” என்ற வாக்கியத்தை இந்த அரங்கில் உள்ள இளைஞர்களில் பலர் கேட்டிருப்பார்கள். நண்பர்கள் சேர்ந்து எடுக்கும் குறும்படத்தில், இயக்குநரும் பட்டினி, எல்லாரும் பட்டினி என்ற நிலையில், அதைப் பொறுக்கலாம். கேமரா வாடகைக்குப் பணம் இருக்கிறது, லொகேஷனுக்குப் பணம் இருக்கிறது, உதவியாளரின் பேட்டாவுக்கு மட்டும் இல்லை என்றால் அது அநீதி. வேலைக்குச் சேரும் முன்பே ஒரு தாளில் எழுதி வாங்க வேண்டியவை சில உண்டு: எத்தனை நாள் வேலை, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், பேட்டா எவ்வளவு, சாப்பாடும் போக்குவரத்தும் யார் பொறுப்பு, டைட்டிலில் பெயர் எந்த வேலைக்குப் போடப்படும், படம் விற்றால் எவ்வளவு தரப்படும். இதைக் கேட்பது அவமரியாதை அல்ல. தம் படத்தின் மீது மரியாதை உள்ள இயக்குநர் இந்தத் தாளைத் தாமே நீட்டுவார்.

பெண்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடினம். பி.ஆர். விஜயலட்சுமி ஒளிப்பதிவாளர் அசோக்குமாரிடம் உதவியாளராக இருந்து, 1985இல் ‘சின்ன வீடு’ படத்தைத் தனியாக ஒளிப்பதிவு செய்தார். இந்தியாவில் முழுநீளப் படத்துக்குக் கேமரா பிடித்த முதல் பெண்களில் முன்னால் நிற்பவர். நாற்பது வருடம் ஆயிற்று. இன்றும் ஒரு யூனிட்டில் கேமராவுக்குப் பின்னால் பெண் நின்றால் திரும்பிப் பார்க்கிறார்கள். மலையாளத் திரையுலகில் பெண்களின் நிலையை ஆராய்ந்த ஹேமா குழுவின் அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியானபோது, உடை மாற்ற இடமில்லாத, கழிப்பறை இல்லாத தளங்களைப் பற்றி நாடே படித்தது. பணியிடத்தில் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் புகார்க் குழுவைக் கட்டாயமாக்குகிறது. சிறு படம் என்பதால் அந்தப் பொறுப்பு சிறிதாகிவிடாது. ஒரு கழிப்பறை, பூட்டக்கூடிய ஓர் அறை, இரவில் வீடு சேர ஒரு வண்டி, இவற்றின் செலவு ஒரு நாள் லென்ஸ் வாடகைக்குள் அடங்கும்.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பவர்களுக்குக் கேரளம் ஒரு விடையை வைத்திருக்கிறது. அடூரும் நண்பர்களும் 1965இல் திருவனந்தபுரத்தில் சித்ரலேகா திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினார்கள். படம் பார்க்கத் தொடங்கிய கூட்டம் படம் எடுக்கும் கூட்டுறவாக வளர்ந்தது. ஜான் ஆபிரகாம் இன்னும் ஒரு படி மேலே போனார். நம் மொழியில் ‘அக்ரகாரத்தில் கழுதை’யை 1977இல் எடுத்தவர் அவர். எழுதியவர் வெங்கட் சாமிநாதன். பின்னர் ஒடேசா என்ற குழுவாகச் சேர்ந்து, ஊர் ஊராகப் போய்ப் பொதுமக்களிடம் காசு திரட்டி ‘அம்மா அறியான்’ (1986) எடுத்தார்கள். அந்தப் படத்துக்குக் கேமரா பிடித்த வேணுவும், தொகுத்த பீனா பாலும் அன்று இளைஞர்கள். பின்னாளில் வேணு இந்தியாவின் முக்கியமான ஒளிப்பதிவாளர்களில் ஒருவரானார். பீனா பால் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவை நீண்ட காலம் வடிவமைத்தவர்களில் ஒருவர். டிசம்பர் வந்தால் சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் நம் மாணவர்கள் ரயில் ஏறி அந்த விழாவுக்குப் போகிறார்கள். வரிசையில் நிற்கும்போது பழகியவர்கள் திரும்பி வந்து ஒன்றாகப் படம் எடுக்கிறார்கள்.

முறையாகப் படிக்க விரும்புகிறவர்களுக்குத் தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரில் இயங்கும் அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. 1945இல் தொடங்கிய இந்த நிறுவனம் ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு ஆகிய துறைகளை அரசுக் கட்டணத்தில் கற்றுத் தருகிறது. பி.சி. ஸ்ரீராம் அங்கே படித்தவர். புனே நிறுவனம் 1960இலும், கல்கத்தாவின் சத்யஜித் ராய் நிறுவனம் 1995இலும் தொடங்கின. எடுத்து முடிக்காத படத்தைக் காட்டி ஆதரவு தேட, தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் 2007 முதல் கோவாவில் நடத்தும் திரைப்படச் சந்தை இருக்கிறது. இடம் கிடைக்காதவர்களுக்கு அருகிலுள்ள குறும்பட யூனிட்டே பள்ளி. கேமரா வாடகைக்கு விடும் கடையில் ஆறு மாதம் வேலை பார்த்தால் எந்த லென்ஸ் எங்கே பொருந்தும் என்பது கைக்குத் தெரிந்துவிடும். கல்யாணப் படப்பிடிப்புக்குப் போகிறவர் கூட்டத்துக்குள் திரும்பி வராத நொடியைத் தவறவிடாமல் எடுக்கக் கற்கிறார். அது ஊர்த் திருவிழாவை அப்படியே படமாக்கும் யூனிட்டுக்குப் பொன்னான பயிற்சி.

நல்ல ஒலிப்பதிவாளர் இருக்கும் தளத்தில் ஒவ்வொரு இடத்திலும் வேலை முடிந்ததும் ஒன்று நடக்கும். இயக்குநர் “ஓகே” என்று சொல்லிவிடுவார். எல்லாரும் கயிற்றைச் சுருட்டவும் விளக்கை இறக்கவும் கை வைப்பார்கள். அப்போது ஹெட்ஃபோன் போட்டவர் கையைத் தூக்குவார். அரை நிமிடம் யாரும் அசையக் கூடாது. அந்த அறையின் வெறும் அமைதியை அவர் பதிவு செய்ய வேண்டும். காற்றாடி நின்றிருக்கும், தூரத்தில் ஒரு பேருந்து போகும், எங்கோ காக்கை கரையும். அந்த ஒலி இல்லாவிட்டால் தொகுப்பறையில் ஒரு வசனத்துக்கும் அடுத்த வசனத்துக்கும் நடுவே குழி விழுந்ததுபோல் காது தடுக்கும். நடித்த பாட்டி கட்டிலில் உட்கார்ந்தபடியே இருப்பார். டீ கொண்டுவந்த பையன் வாசலில் தட்டோடு நிற்பான். இயக்குநரும் ஒளிப்பதிவாளரும், கார்டைக் கையில் வைத்திருக்கும் பெண்ணும், கன்டினியூட்டி நோட்டை மூடாமல் பிடித்திருக்கும் உதவியாளரும் அப்படியே நிற்பார்கள். ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டிருப்பவர், பெரும்பாலும் அந்த யூனிட்டிலேயே வயதில் சிறியவர், தலையை அசைத்துக் கையைக் கீழே இறக்கும் வரை.